கையில் கொடுக்காத கத்திகள்

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடித் திம்மப்பனுக்கு வலது கையில் இல்லாத நான்கு விரல்களும் இப்போது நான்கு கத்திகளாக இருக்கின்றன. கத்தியை எடுப்பவருக்கு அந்தந்த விரலின் வலி வரும். சின்னக் கத்தியை எடுத்தால் சுண்டுவிரல் சுள்ளென்று குத்தும். அடுத்ததை எடுத்தால் மோதிரவிரல் விண்விண்ணென்று தெறிக்கும். மூன்றாவதற்கு நடுவிரல் கடுக்கும், நான்காவதற்கு ஆள்காட்டி விரல் எரியும். பெங்களூரில் கத்தி சேகரிப்பவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. எதையும் வெட்டாத கத்தியைக் கண்ணாடி அலமாரியில் வைத்து விளக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காரெடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்து, இந்த நான்கையும் ஆசை ஆசையாய் எடுத்துப் பார்த்து, தங்கள் விரல்கள் இருக்கின்றனவா என்று தடவிக்கொண்டு, வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். வாங்கத்தான் மாட்டார்கள்.

விரல்கள் போனது தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில். கம்பெனி பெயர் வேண்டாம், அதை எழுதினால் யாருக்கும் விரல் முளைக்கப் போவதில்லை. அந்த பிரஸ் இறங்க வேண்டுமானால் இரண்டு பட்டனை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே போகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வேலை நெருக்கிய மாதத்தில் ஒரு பட்டனை மரக்கட்டை வைத்து சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். எல்லா ஷிப்டிலும் அப்படித்தான் ஓடியது. ஓட்டியவர்களும் வேகமாக ஓடுகிறதே என்று சந்தோஷமாகத்தான் ஓட்டினார்கள், திம்மப்பன் உட்பட. இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோது அவன் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். கை டைக்குள் இருந்தது. டை என்பது தகட்டை வெட்டும் எஃகுக் கட்டை. அது தகட்டையும் விரலையும் பிரித்துப் பார்க்காது. கட்டைவிரல் மட்டும் வெளியே நின்றதால் தப்பியது.

காயம் ஆறியது. வலி ஆறவில்லை. தினமும் பிற்பகல் சங்கு ஊதினால் இல்லாத நான்கு விரல்களும் வலிக்கத் தொடங்கும். சோற்றில் கை வைக்க முடியாது, படுத்தால் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது, ஆனால் விரல்களுக்கு அது தெரியவில்லை. ஓசூரிலும் பெங்களூரிலும் பார்த்த டாக்டர்கள் இப்படி வருவது உண்டு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், கண்ணாடி முன்னால் கையை வைத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். செய்தான். இல்லாத விரலில் தைலம் தேய்க்க எங்கே இடம் இருக்கிறது? கம்பெனி அவனை டூல் ஸ்டோரில் உட்கார வைத்தது. வருஷத்துக்கு வருஷம் ஆள் இளைத்துக்கொண்டே போனான்.

அவன் மனைவி முனிலட்சுமி பாகலூர் சாலையில் ரோஜா பயிரிடும் பசுமைக்குடிலில் பூ வெட்டுகிறவள். அந்த வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அங்கே சண்டைச் சத்தம் கேட்டதில்லை. வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரர்கள், வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், காய்கறி வாங்கும்போது கன்னடம் என்று இருப்பவர்கள். சண்டை எந்த மொழியிலும் கிடையாது. சுவரை ஒட்டிய வீட்டில் இருக்கும் மாரம்மாவுக்கு இதில் பெரிய குறை. முனிலட்சுமிக்கு அதில் பெருமை உண்டு, காரணமும் வைத்திருந்தாள். கத்தி, அரிவாள், உப்பு, மிளகாய் எதையும் அவள் கணவனிடமிருந்து கையில் வாங்க மாட்டாள். அவன் கீழே வைக்க வேண்டும், அவள் எடுத்துக்கொள்வாள். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தண்ணீர் முதல் சினிமா வரை எதிலும் ஒத்துப்போகாத மூன்று மொழிக்காரர்களும் இதில் மட்டும் ஒரே கட்சி. ஆனால் அவளைப் போல ஒருநாள்கூடத் தவறாமல் கடைப்பிடித்தவர்கள் வேறு யாருமில்லை.

விரல்களை வெட்டிய டையை அதற்குப் பிறகு யாரும் மாட்ட ஒப்புக்கொள்ளவில்லை. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது அதன் மேல் வைத்த சந்தனம் மட்டும் காயவில்லை. அதனால் அதைப் பழைய இரும்போடு கழித்துவிட்டார்கள். பழைய இரும்பு எடுக்கும் நாராயணப்பன் அதைத் தன் குடோனில் போட்டான். மழை பெய்த பிறகும் அது கைச்சூட்டில் இருந்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டு, திம்மப்பன் வீட்டு வாசலில் இறக்கி, இது உன்னுது போல, என்னால வச்சிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். திம்மப்பன் அதை நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எஃகைக் கம்பியால் அறுக்கும் தெரிந்த வயர்கட் பட்டறையில் கொடுத்து நான்கு பட்டையாக அறுத்து வாங்கினான். ஏன் கத்தி என்று கேட்டால், அந்த எஃகுக்கு வெட்டத்தான் தெரியும், வேறென்ன செய்வது என்பான். முனிலட்சுமி பட்டையைப் பிடித்துக்கொள்வாள், அவன் இடது கையால் கிரைண்டரில் தேய்ப்பான், சூடேறாமல் தண்ணீரில் முக்குவார்கள். ஒவ்வொரு கத்தியும் அந்தந்த விரலின் நீளத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேல் தேய்த்தால் தேயவில்லை. பாலிஷ் போட்டதும் அலகில் கைரேகை எழும்பியது. உப்புத்தாள் போட்டுப் பார்த்தான், அமிலத்தில் போட்டுப் பார்த்தான், ரேகை போகவில்லை. சேகரிப்பவர்கள் கிறுக்குப் பிடித்து வந்தது இந்த ரேகைக்காகத்தான். உலகத்தில் எந்தக் கத்தியிலும் இப்படி ஒன்று இல்லையாம்.

பட்டையாகப் பிடித்திருந்தவரை முனிலட்சுமிக்கு எதுவும் வலிக்கவில்லை, ரேகை எழும்பிய பிறகுதான் வலி விஷயம் தற்செயலாகத் தெரிய வந்தது. ஒரு பிற்பகல் நாராயணப்பன் வந்து சின்னக் கத்தியை எடுத்தவன், ஐயோ என் சுண்டுவிரல் என்று அலறினான். அதே நேரத்தில் திம்மப்பன் முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் சுண்டுவிரல் வலிக்காமல் இருந்தது. நாராயணப்பன் கத்தியைப் போட்டதும் வலி திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்து முகத்தை முனிலட்சுமி பார்த்துவிட்டாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே குறிதான். நான்கு கத்தியும் யாரிடமாவது போய்ச் சேர வேண்டும், இவர் நான்கு வாய் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும்.

குறுக்கே நின்றது திம்மப்பனின் வாய். வருகிறவர்களிடமெல்லாம், வாங்கினா வலிக்கும் சார், யோசிச்சு எடுங்க என்று சொல்லிவிடுவான். சொல்லாமல் விற்றால் என்ன என்று அவள் கெஞ்சினாள். தெரியாமல் ஒருவன் கை டைக்குள் போனது போதும் என்றான். அவள் அதற்கு மேல் பேசவில்லை, பேசினால் சண்டையாகிவிடும் என்று பயம். வந்தவர்களில் மிக அதிகம் வந்தவன் ஸ்ரீராம். எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை, கண்ணாடி அலமாரி நிறையக் கத்தி. ஜப்பான் கத்தி, நேபாளக் கத்தி எல்லாம் வைத்திருக்கிறேன், இதைப் பார்த்த பிறகு அதையெல்லாம் திறந்து பார்க்கவே பிடிக்கவில்லை என்பான். எடுப்பான், முகம் சுளிப்பான், சொல்ப யோசிக்கணும் அண்ணா, கொஞ்சம் யோசிக்கணும் என்று பாதிக் கன்னடத்தில் சொல்லி வைப்பான். இப்படியே ஒரு மழைக்காலமும் ஒரு மாம்பழக்காலமும் போயின. கடைசியில் ஒரு ஞாயிறு துணிந்து ஆள்காட்டி விரல் கத்தியை வாங்கிவிட்டான். வழக்கப்படி திம்மப்பன் கத்தியை மேஜை மேல் துணி விரித்து வைத்தான், ஸ்ரீராம் அங்கிருந்து எடுத்துக்கொண்டான். முனிலட்சுமி சாமி படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினாள்.

கற்பூரம் அணைவதற்குள் திம்மப்பன் கையை உதறினான். ஸ்ரீராம் தெருமுனையில் கத்தியைக் கார் டிக்கியில் வைத்திருப்பான், அவ்வளவுதான், எரிச்சல் திரும்பிவிட்டது. கார் எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைக்கூடத் தாண்டியிருக்காது. அடுத்த ஞாயிறு ஸ்ரீராமே வந்தான், குறை சொல்லிக்கொண்டு. அலமாரியில் வைத்தால் வலிக்கவே இல்லை, கையில் பிடிக்கும்போது மட்டும்தான் வலிக்கிறது, இது தெரிந்திருந்தால் முன்பே வாங்கியிருப்பேனே என்று சிரித்தபடி சொல்ல ஆரம்பித்தவன், பெஞ்சில் சுருண்டிருந்த திம்மப்பனைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். நல்ல பையன், அதைச் சொல்லத்தான் வேண்டும். காரிலிருந்து கத்தியை எடுத்து வந்து மேஜையில் வைத்தான், கொடுத்த பணத்தையும் திருப்பி வாங்க மறுத்தான். திம்மப்பன் விடவில்லை, அவன் சட்டைப்பையில் திணித்தான்.

முனிலட்சுமி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நம்ம இதை யாருக்குமே குடுக்கல. கீழ வச்சோம், அவங்க எடுத்தாங்க. வச்ச பொருள் வச்சவங்களுதுதான்."

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. சண்டை வரக் கூடாது என்று கையில் கொடுக்காமல் இருந்ததில் வலியும் கை மாறாமல் இருந்திருக்கிறது. திம்மப்பன் கத்தியை எடுத்து ஸ்ரீராம் பக்கம் நீட்டினான். கையில் வாங்கினால் அது கடைசிவரைக்கும் உங்களுடையது, அலமாரியில் வைத்தாலும் வலிக்கும் என்று அப்போதும் சொன்னான். ஸ்ரீராம் உள்ளங்கையை விரித்தான். கண் ரேகையை விட்டு அகலவில்லை. பிறகு கையை மடக்கிக்கொண்டான். சொல்ப யோசிக்கணும் அண்ணா என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். யார்தான் வாங்குவார்கள், அவனைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

கார் சத்தம் மறைந்தது. விரல்களின் நேரம் இன்னும் முடியவில்லை. திம்மப்பன் இன்னும் கத்தியோடு நின்றிருந்தான், நெற்றியெல்லாம் வியர்வை. முனிலட்சுமி அவன் எதிரில் வந்து வலது கையை நீட்டினாள். நாளைக்கு ரோஜா வெட்ட வேண்டிய கை. அவர்கள் பேசியது தெலுங்கில், நான் தமிழில் தருகிறேன்.

"கீழ வைக்கிறேன், எடுத்துக்க" என்றான்.

"கீழ வச்சா உங்ககிட்டதான் இருக்கும். கையில குடுங்க."

"குடுத்தா நமக்குள்ள சண்டை வரும் முனி."

"வரட்டும். பாதி ஆளாயிட்டீங்க. சண்டை போடறதுக்காவது நீங்க எனக்கு வேணும்."

அவன் அழுதான். எரிகிற ஆள்காட்டி விரலை அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அதை மேஜையில் வைத்துவிட்டுச் சின்னக் கத்தியை எடுத்தான். இடது கையால் கொடுப்பது மரியாதை இல்லை என்று, வலது கையில் மிஞ்சிய கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கி நீட்டினான். அவள் அதைக் கையிலேயே வாங்கினாள். சுண்டுவிரலில் சுள்ளென்று ஏறியது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதே மூச்சில், மற்ற மூன்றையும் கொடுங்கள் என்றாள். முடியாது என்றான். ஏன் முடியாது, நான் என்ன வெளியாளா என்றாள். உனக்குப் பைத்தியமா என்றான். அன்றுவரை நீங்க, வாங்க என்றே பேசியவள், "யோவ், குடுய்யா" என்று கத்தினாள். மாரம்மா கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தெருவே வாசலில் கூடியது. தெலுங்கில் தொடங்கி, தமிழில் ஏறி, கன்னடத்தில் உச்சத்துக்குப் போன சண்டை அது. கடைசியில் வாயை மூடு என்று மோதிரவிரல் கத்தியை அவள் கையில் அடித்துக் கொடுத்தான். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்று மற்ற இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினான். சண்டை முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து களி சாப்பிட்டார்கள். இவ்வளவு வருஷத்தில் முதல்முறையாக அவன் இன்னும் கொஞ்சம் வை என்றான். அவள் இரண்டு விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று விரலால் வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் சங்கு ஊதினால் அந்த வீட்டில் சண்டை. கேஸ் தீர்ந்தது, உப்புக் கூடியது, செருப்பை வாசலில் விட்டது என்று எதிலாவது தொடங்கும். மிச்ச இரண்டைக் கொடு, கொடுக்க மாட்டேன் என்றுதான் முடியும். முதலில் பெரியவர்கள் சமாதானம் பேசப் போனார்கள். போனவர்களை இருவரும் சேர்ந்து திட்டி அனுப்பினார்கள். முனிலட்சுமி சுண்டுவிரலும் மோதிரவிரலும் படாமல் ரோஜா வெட்டப் பழகிக்கொண்டாள். திம்மப்பனுக்கு உடம்பில் சதை வைத்தது, ராத்திரியில் பாதியாவது தூங்குகிறான்.

போன வருஷம் மாம்பழம் வரத்து குறைந்த சமயத்தில் ஸ்ரீராம் திரும்ப வந்தான். முடி கொஞ்சம் நரைத்திருந்தது. ஜப்பான் கத்தி, நேபாளக் கத்தி எல்லாவற்றையும் விற்றுவிட்டேன், அலமாரி காலியாக இருக்கிறது என்றான். வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவன் வாசற்படியில் நின்று கையை விரித்தான், இந்த முறை மடக்கவில்லை. ஒரு கத்தி என் கையிலேயே கொடுங்கள், எந்த விரலானாலும் சரி, யோசித்துவிட்டேன் என்றான். உள்ளே சத்தம் நின்றது. திம்மப்பனும் முனிலட்சுமியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஒரே குரலில், விற்பதற்கில்லை என்றார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஸ்ரீராமை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மாம்பழம் நறுக்கித் தந்தாள். நறுக்கியது சின்னக் கத்தியால். அவன் அலகையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். விட்ட இடத்திலிருந்து அவர்கள் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

இப்போதும் ஜூஜுவாடியில் பிற்பகல் சங்கு ஊதினால் மாரம்மா சுவரில் காது வைப்பாள். சண்டைச் சத்தம் கேட்டதும் நிம்மதியாக டிவியின் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவாள்.