எண்பத்தேழு கிலோ

அம்மாவின் விரலைப் பிடித்திருக்கும்போது அந்த மூன்று வயதுச் சிறுமியின் எடை எண்பத்தேழு கிலோ நானூறு கிராம். விட்டுவிட்டால் பன்னிரண்டே கால். அம்மா தபால் நிலையத்தில் பார்சல் நிறுப்பவள், ஆகவே கணக்கில் பிசகில்லை. மகளைப் பார்சல் தராசில் ஏற்றி விரலைக் கொடுத்தபோது, “முப்பது கிலோவுக்கு மேல எடுக்கிறதில்லக்கா,” என்றான் பக்கத்துக் கவுண்டர்காரன். அவள் சிரிக்கவில்லை. நுரையீரல் நோயோடு மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வந்த அன்று மகளைத் தூக்கக் குனிந்தவள், இடுப்பு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பா வந்து பூனைக்குட்டியைப் போல் எடுத்துப் போனார்.

செவ்வாய்தோறும் மூவரும் குழந்தைகள் மனநல நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த ஆலோசகர் ஈர்க்குச்சி போல இருப்பார். முதல் செவ்வாயே சிறுமியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஜன்னலைக் காட்டினார். அம்மாவுக்கு வயிறு எரிந்தது. அந்த அறையில் மகள் எத்தனை முறை சிரித்தாள் என்று வாராவாரம் எண்ணினாள். ஆலோசகரைப் போலவே கொண்டை போட்டாள், அதே சோப்பை வாங்கினாள். எடை தொண்ணூற்றொன்றுக்கு ஏறியது.

ஏழாவது வாரம் ஆலோசகர் அப்பாவையும் மகளையும் பொம்மை மூலைக்கு அனுப்பிவிட்டு, “உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

“உங்களப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. பெத்தவ நான், தூக்குறது நீங்க.”

ஆலோசகர் பேனாவை மூடி வைத்தார். “ஏன் போனீங்கன்னு அவகிட்ட சொன்னீங்களா?”

“அவளுக்கு என்ன புரியும்?”

“உங்களுக்கு மட்டும் கனக்கணும்னு புரிஞ்சிருக்கே.”

அன்று மாலை அம்மா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். “அம்மா உன்ன விட்டுட்டுப் போகல. உனக்கும் ஒட்டிக்கும்னு உன்னப் பாக்க விடல. தினமும் அழுதேன்.” மகள் மரக்கட்டைகளை அடுக்கியபடியே, “நானும்,” என்றாள். சனிக்கிழமை தராசு அறுபத்துநான்கு காட்டியது. பிறகு மாதம் நாலைந்து கிலோ குறைந்தது. அம்மா வேலையிலிருந்து தாமதமாக வந்த நாட்களில் ஒன்றிரண்டு ஏறியது. ஒரு வருடத்தில் பதினாலுக்கு வந்து நின்றது.

கடைசிச் செவ்வாயன்று ஆலோசகர் விடைகொடுக்கத் தூக்கப் பார்த்தார். சிறுமி அசையவில்லை. மறுபடி குனிந்தார், முழங்கால் மடங்கியது. “என்ன, இன்னிக்கு இவ்வளவு கனக்கிறா?” என்றவரின் முகம் கொஞ்சம் வாடியது. அதே முகத்தை ஒரு வருடம் தானும் வைத்துக்கொண்டு திரிந்தவள் என்பதால் அம்மாவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

“எண்பத்தேழு இருக்கும் மேடம்,” என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு, மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.