கண்டன்

முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் இராப் பஸ்ஸை இருபது வருடமாக ஓட்டிவந்தவர் ஹமீட். அவருடைய பஸ் சில்லில் ஒரு கோழிக்குஞ்சுகூட அகப்பட்டதில்லை. இதை அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிவார். கேட்காதவனைக் கூப்பிட்டு வைத்தும் சொல்லுவார். சொல்லட்டுமே, பொய்யா சொன்னார்?

ஐம்பத்தாறாம் ஆண்டு பஸ் கொம்பனி ஒரு சோதனை வைத்தது. மாங்குளம் வீதியில், இருட்டியதும், கரி பூசிய நாலு வைக்கோல் சாக்குகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். சாக்கு கண்ணில் பட்டதும் றைவர் ‘கண்டன்’, அதாவது கண்டுவிட்டேன், என்று சொல்லிப் பிறேக் போடவேண்டும். பக்கத்தில் இருக்கும் பரிசோதகர் கதிர்காமநாதன் இறங்கித் தூரத்தை அளந்து எழுதுவார். தேறாதவனுக்கு இனி இராப் பஸ் இல்லை, பகல் பஸ்தான்.

கொஞ்ச நாளாகவே, நிலவில்லாத இரவுகளில், வீதி ஹமீட்டுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. மனைவி லதீபாவிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை.

முதலில் ஓட்டிவிட்டு வந்த றைவர் அல்பேர்ட் காதோடு காதாகச் சொன்னான்.

“ஹமீட் காக்கா, மூண்டு லேசு. நாலாவதுதான் சனியன். மதகு தாண்டிப் பெரிய பாலை மரத்தடியிலை கிடக்கு. மரத்தைக் கண்டதும் பிறேக்கைப் போடுங்கோ.”

“உன்னட்டை ஆரடா கேட்டது?” என்று சீறினார் ஹமீட். என்ன செய்ய, காதில் விழுந்தது விழுந்ததுதானே!

தன் முறை வந்தபோது முதல் மூன்று சாக்குகளையும் கண்டார். மதகு தாண்டியது. பாலை மரம் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. கண்ணை இடுக்கிப் பார்த்தார். வீதியில் ஒன்றுமே தெரியவில்லை. கால் தானாகப் பிறேக்கை மிதித்தது.

இறங்கி அளந்த கதிர்காமநாதன் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

“அம்மாடி, இருநூறு அடி! இண்டைக்கு ஒருத்தரும் இவ்வளவு தூரத்திலை நிப்பாட்டேல்லை. ‘கண்டன்’ எண்டு சொல்லத்தான் மறந்திட்டியள்.”

“மறக்கேல்லை ஐயா. காணேல்லை.”

“என்ன?”

“சாக்குக் கிடக்கிற இடம் எனக்கு முன்னமே தெரியும். ஆர் சொன்னதெண்டு கேக்காதேங்கோ. சாக்குகளை மாத்திப் போட்டு எல்லாரையும் திருப்பி ஓடவிடுங்கோ. நாளைக்கு அதிலை ஒரு வண்டில்காரன் விழுந்து கிடந்தா, எனக்கு ஆர் முன்னுக்கு வந்து சொல்லுறது?”

கதிர்காமநாதனின் பேனை நின்றது.

“இதை எழுதினா இராப் பஸ் போயிடும், ஹமீட்.”

“போகட்டும்! என்ரை பஸ்ஸிலை ஏறுற சனம் என்னை நம்பித்தான் நித்திரை கொள்ளுது. எழுதுங்கோ ஐயா, வடிவா எழுதுங்கோ.”

அந்த மனிதரின் தலை குனியவில்லை. கதவைத் திறந்து இறங்கினார்.

“இருட்டு ஐயா. திரும்பிப் போகேக்கை நீங்கள் ஓட்டுங்கோ.”

பிறகு மற்றப் பக்கத்தால் ஏறி, பிரயாணிகளின் முன் ஆசனத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.