உரசும் டயரும் ஒரு கேலியும்

வெளுத்து மடித்த விரிப்புகளை மூட்டை மூட்டையாகப் பிக்கப் வண்டியில் ஏற்றி, விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ப் போடுவது அந்தச் சலவைக்கடைத் தம்பதியின் தொழில். வண்டி ஓட்டுவது கணவர். பக்கத்து சீட்டில் வந்து, எந்த வார்டுக்கு எவ்வளவு தலையணை உறை என்று பேசிக் கொடுத்து வாங்குவது மனைவி. கலகலப்பான பெண். அவள் குரல் கேட்டால் ஆஸ்பத்திரிக் காவலாளிகூட எழுந்து வந்து ஒரு மூட்டைக்குக் கை கொடுப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் காண்டிராக்டர் தன் வண்டிக்குப் பெரிய சக்கரம் மாட்டிக்கொண்டு வந்து நின்றாரோ இல்லையோ, நம்மவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இந்த வண்டிக்கு இது அகலம் ஜாஸ்திண்ணே, திருப்புறப்போ மட்கார்டுல உரசும்" என்று டயர்க்கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்டால்தானே! மாட்டியே தீருவேன் என்று மாட்டிக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும், முன்பக்கத்தில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். மனைவி உட்கார்ந்திருந்த பக்கம்தான். மாலையில் நேரே டயர்க்கடைக்கு வண்டியை விட்டார். அவருடைய கூட்டாளிகள் பொழுது போக்குவதும் அங்கேதான். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று கடைக்காரர் வாயெடுத்ததும் இவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"சக்கரத்துல ஒரு குத்தமும் இல்லப்பா. எங்க வீட்டம்மா ஏறினாத்தான் உரசுது!"

கடையே அதிரும்படி சிரிப்பு. மொட்டை என்று பெயரெடுத்த கூட்டாளி, "அப்போ சக்கரத்தை மாத்தாதீங்கண்ணே, அண்ணியை இளைக்க வைங்க" என்று எடுத்துக் கொடுத்தான். வண்டிக்குள் இருந்த மனைவியும் சேர்ந்து சிரித்தாள். பாவம், அத்தனை பேர் சிரிக்கும்போது வேறு என்னதான் செய்வாள்!

அடுத்த நாள் அவள் வண்டியில் ஏறவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இஸ்திரி வேலை கிடக்கு" என்றாள். தனியாகப் போனார். அதே வளைவு. பக்கத்து சீட்டில் ஈ, காக்கை இல்லை. ஆனாலும் 'சர்ர்ர்' என்று அதே சத்தம்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். சொன்னால், சக்கரம் வாங்கியது முட்டாள்தனம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார், மகானுபாவர்.

வீட்டில் அவள் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. காலையில் கேட்டால் "பசியில்லை" என்பாள். இரவில் கேட்டால் "அப்பவே சாப்பிட்டாச்சு" என்பாள். பேச்சும் சுருங்கிப் போயிற்று. அவரும் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டார். ஒருநாள் ஈர விரிப்பை உதறிக் கொடியில் போடக் கையைத் தூக்கியவள், அப்படியே தரையில் சரிந்தாள்.

விரிப்பு கொடுத்துவந்த அதே ஆஸ்பத்திரியில், அவளே துவைத்த விரிப்பின்மேல் கிடந்தாள். நர்ஸ் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா ரொம்ப நாளா ஒழுங்கா சாப்பிடலை. வீட்டுல யாராவது அவங்க உடம்பைப் பத்தி ஏதாவது சொன்னீங்களா?"

அவர் நேரே மனைவியின் கட்டிலோரம் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"நீ ஏறாதப்பவும் உரசுச்சு. மறுநாளே எனக்குத் தெரியும். என்னை மன்னிச்சிடும்மா."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?" அவள் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "கேலி பண்ணினது கடை நிறைய ஆளுங்க முன்னாடி. மன்னிப்பு மட்டும் காதும் காதும் வச்சமாதிரியா? இது என்னங்க நியாயம்?"

சுருக்கென்று தைத்தது அவருக்கு. அவள் உடம்பு தேறி வீடு திரும்பியதும், வண்டியில் ஏற்றிக்கொண்டு டயர்க்கடைக்குப் போனார். கூட்டாளிகள் எல்லோரும் இருந்தார்கள்.

"பழைய சக்கரத்தையே மாட்டிடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார். பிறகு கூட்டாளிகள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. சீட்டுல ஆளே இல்லாதப்பவும் உரசத்தான் செஞ்சுது. பொருந்தாத சக்கரத்தை மாட்டினது நான். பழியை என் சம்சாரம் மேல போட்டதும் நான். அவ பட்டினி கிடந்து மயங்கி விழுற வரைக்கும் வாயைத் திறக்காத பாவியும் நான்தான்."

மொட்டை நெளிந்தான். "சும்மா தமாசுக்குத்தானேண்ணே சொன்னோம்..."

"ஒருத்தரோட உடம்பைச் சொல்லிச் சிரிக்கிறது தமாசு இல்லடா" என்றார் அவர். "அவங்க தட்டுல இருக்கிற சாப்பாட்டை நாமளே பிடுங்குற பாவம் அது."