துணை: 58 கிலோ

வாடிக்கையாளர் வாயால் சொல்லும் அளவை நான் எழுதிக்கொள்வதில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். "இடுப்பு முப்பதுதாங்க, போன வருஷம் எடுத்த அளவு அப்படியே இருக்கு" என்று சொல்லாத ஆளே இல்லை. நானும் தலையை ஆட்டிக்கொண்டே டேப்பைச் சுற்றுவேன். முப்பத்து நாலு காட்டும். அதைத்தான் எழுதுவேன். சந்தேகம் என் கூடப் பிறந்தது என்கிறார் என் வீட்டுக்காரர். கூடப் பிறக்கவில்லை, கடையில் ஒட்டிக்கொண்டது.

அவர் ஏரிக்கரை நீரேற்று நிலையத்தில் நீர்மட்டம் பதிகிறவர். மணிக்கொரு தடவை படியிறங்கிப் போய், தண்ணீரில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. இருபது வருடம் அப்படி எழுதியே பழகியவர். வீட்டிலும் அளந்துதான் பேசுவார். நாலு வார்த்தைக்கு மேல் போனால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கடைக்குள் வந்து நின்று, ஸ்கூட்டர் நிறுத்துகிற கொட்டகையில் தானே ஒரு சின்னப் பாய்மரப் படகு கட்டப்போவதாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ட்ரையல் அறையிலிருந்த பெண் பாதி மாட்டிய சட்டையோடு தலையை நீட்டி "என்னக்கா ஆச்சு?" என்று கேட்கும் அளவுக்கு. "சுவத்துல ஆணி அடிச்சாலே கோணலாப் போவுது, படகா?" என்றேன். அவர் முகம் சுருங்கியது. பார்த்தேன். பார்த்தும் நிறுத்த முடியவில்லை.

அதோடு என் முன்னால் படகுப் பேச்சே எடுப்பதில்லை. சரி, விட்டுவிட்டார் என்று நினைத்தால், விடவில்லை. அலமாரியில் ஒரு நீல ஃபைல் முளைத்தது. அவர் குளிக்கப் போனதும் எடுத்துப் பார்த்தேன். தப்பு என்று யாராவது சொல்வதானால் சொல்லிக்கொள்ளட்டும்.

உள்ளே மூன்று படகுகளின் வரைபடங்கள். முதலாவது எட்டடி நீளம், மூக்கே இல்லாமல் மொட்டையாக இருந்தது. சோப்புப்பெட்டி என்று பெயர் வைத்தேன். இரண்டாவது பதினொன்றரை அடி, இரண்டு பேர் உட்காரலாம், முன்பக்கம் செருப்பு நுனிபோல வளைந்திருந்தது. அது செருப்பு. மூன்றாவது நீளமாக, ஒல்லியாக, ஒரே ஒரு ஆள் மட்டும் படுத்தவாக்கில் உட்கார்ந்து போகும் படகு. அது ஊசி.

வரைபடத்தைப் பார்த்ததும் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. பலகைகளைத் தரையில் விரித்து, துணி வெட்டுவதுபோல வளைத்து வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டுமாம்! அப்புறம் தையல் மேல் பசை. இந்த முறைக்கு 'தையலும் பசையும்' என்றே மேலே பெயர் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருடம் தையல் மிஷினோடு வாழ்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா மனுஷன்? கேட்கவில்லை. அங்கேதான் முதல் முடிச்சு விழுந்தது.

ஒரு வாரம் ஊசியின் மேலேயே பென்சில் குறிகள் கூடிக்கொண்டு போயின. ஒரே ஆள் போகும் படகு. என்னை விட்டு எங்கே தப்பிக்கப் பார்க்கிறார்? ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? மளிகை வாங்கப் போன இடத்தில் நின்று யோசித்தேன், துணி வெட்டும்போது யோசித்தேன், ஒரு காலரை மாற்றித் தைத்தேன். அடுத்த வாரம் ஊசியின் மேல் பெரிய பெருக்கல் குறி. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி மூன்று நாள் நீடித்தது.

மூன்றாம் நாள் அவர் ஜன்னலோரம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் பாலை இறக்கிவிட்டுத் திரும்பியதும் நோட்டைச் சட்டென்று மூடி, அதன் மேல் செய்தித்தாளைப் போட்டார். போட்ட வேகத்தில் செய்தித்தாள் தலைகீழாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செய்தி என்னங்க?"

"ஒண்ணுமில்ல. மழை வருமாம்."

அவர் வேலைக்குப் போனதும் நோட்டைத் தேடினேன். துண்டுகளுக்கு அடியில் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்ததும் ஒரு வரி கண்ணில் குத்தியது. அதற்கு மேல் எதையும் நான் படிக்கவில்லை, படிக்க முடியவில்லை. துணை: 58 கிலோ.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஐம்பத்தெட்டு கிலோ இல்லை. எவ்வளவு என்பது அவரவர் சொந்த விஷயம். ஆனால் ஐம்பத்தெட்டு இல்லவே இல்லை.

அப்படியானால் யார்? என்னை அவர் 'ஏம்மா' என்று கூப்பிடுவார், ஆத்திரம் வந்தால் 'இந்தா பாரு' என்பார். துணை என்று ஒருநாளும் சொன்னதில்லை. யாரையோ பக்கத்தில் உட்காரவைத்து, எடை உட்பட விசாரித்து, அந்த ஆளுக்காகப் படகு தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். நான் இங்கே அவர் பேன்டுக்குக் கொக்கி மாற்றித் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஆளைப் பார்த்தால் என்ன எடை என்று என் கண்ணே சொல்லும். தெரிந்த பெண்களை எல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்தினேன். நாத்தனார் எழுபதுக்கு மேல், அவருக்குச் சொந்தத் தங்கச்சி வேறு, தள்ளு. பக்கத்து வீட்டு டீச்சர் ஐம்பதைத் தாண்டமாட்டார். கடைசியில் ஒருத்தி மாட்டினாள். நீரேற்று நிலையத்தில் தண்ணீர் பரிசோதனை செய்கிற பெண். என் அளவு நோட்டிலேயே இருந்தாள். மார்பு முப்பத்து நாலு, இடுப்பு இருபத்தெட்டு, நல்ல உயரம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஐம்பத்தெட்டு.

தைத்த சட்டையை வாங்க சனிக்கிழமை வந்தாள். எல்லாம் சரியாக இருந்தும், தோள் கொஞ்சம் இறங்குகிறது என்று சொல்லி நிற்கவைத்து மறுபடி டேப்பைச் சுற்றினேன். வாயைக் கிளற அதுதான் வசதி. டேப்புக்குள் இருக்கிறவர்கள் அசைய மாட்டார்கள்.

"படகுல போறதெல்லாம் பிடிக்குமா உனக்கு?"

"ஐயோ, தண்ணின்னாலே பயம்க்கா. பாட்டில்ல வந்தா டெஸ்ட் பண்ணுவேன். அவ்வளவுதான்."

இவ்வளவு உடனே பதில் வந்தால் யார் நம்புவது?

"அவர் படகு கட்டப்போறாரு, தெரியுமில்ல?"

"தெரியாம என்னக்கா! சார் மத்தியானம் சாப்பிடுறப்ப ப்ளானெல்லாம் மேஜையில பரப்பிருவாரு. ரெண்டாவதுதான் அழகா இருக்குன்னு நான்கூட சொன்னேன்."

என்னிடம் செய்தித்தாளுக்கு அடியில். இவளிடம் மேஜை நிறைய. ஊசி ஒன்று என் விரலில் ஏறியது. என் தொழிலில் அது சகஜம்தான், ஆனால் அன்றைக்கு வலித்தது. அவள் போனபின் அந்த இரண்டாவது படகை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஞாயிறு காலை கொட்டகையில் ஸ்கூட்டரை வெளியே தள்ளிவிட்டு, அவர் தரையில் சாக்பீஸால் படகு வரைந்துகொண்டிருந்தார். ஆள் அளவுக்கு, முழு நீளத்துக்கு. செருப்புதான். நோட்டோடு போய் அந்தச் சாக்பீஸ் படகின் நடுவில் நின்றேன்.

"யாரு அந்த அம்பத்தெட்டு?"

"எது?"

"துணை அம்பத்தெட்டு கிலோன்னு எழுதி வச்சிருக்கீங்களே. யாருங்க அது? தண்ணி டெஸ்ட் பண்றவளா? இல்ல எனக்குத் தெரியாம வேற யாராவதா? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவர் சாக்பீஸை வேட்டியில் துடைத்தார். பிறகு உள்ளே போனார். ஓடுகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தவர் கையில் பழைய மருத்துவ அட்டை ஒன்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், நாத்தனார் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே எடுத்தது. என் பெயருக்கு நேராக, உயரம், வயது. எடை ஐம்பத்தெட்டு. பேனா என்னுடையது, எழுத்தும் என்னுடையது.

ஞாபகம் வந்தது. எடை இயந்திரம் பழுது, நீங்களே எழுதிக்கொடுங்கள் என்றார்கள். நாத்தனார் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊர்ப்பட்ட இடுப்பையெல்லாம் நம்பாமல் டேப் சுற்றுகிறவள், நான் எழுதிய பொய்யை நானே அடையாளம் தெரியாமல், அதற்கு இன்னொருத்தி உடம்பைத் தேடிக்கொண்டு ஒரு வாரம் அலைந்திருக்கிறேன்.

"துணைன்னு ஏன் எழுதினீங்க?"

"ப்ளான்ல அப்படித்தான் கேட்டிருக்கு. ஓட்டுறவர், துணை, சாமான்." அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேற யார எழுதுவேன்?" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. காலடியில் சாக்பீஸ் கோட்டைப் பார்த்தேன். அப்போதுதான் வேறொரு பயம் பிடித்தது. இந்த அட்டையை நம்பித்தான் கணக்குப் போட்டிருக்கிறார். எழுதியதைத் திருத்தாத மனுஷன். ஏரி நடுவில் இந்தப் பொய்யோடு நான் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பேரும் தண்ணீருக்குள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் படகு முழுகும், வாயைத் திறந்தால் மானம் முழுகும்.

"அதை அடிச்சிருங்க. எழுபத்தி நாலு."

சொல்லிவிட்டேன். வீதியில் யாரும் இல்லையே என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். நான் கடையில் சிரித்ததற்கு இது அவருடைய முறை. சிரிக்கவில்லை. நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி கேட்டார்.

"அப்ப என்னோடதையும் மாத்திடவா?"

புரியவில்லை. எட்டிப் பார்த்தேன். துணைக்கு மேல் வரியில் 'ஓட்டுறவர்: 80' என்று இருந்தது. இவரா எண்பது? கல்யாணத்துக்குப் பேன்ட் தைக்கக் கொடுத்தபோது அறுபத்து நாலு கிலோ, இன்றைக்கும் அதே பேன்ட் இடுப்பில் வழுக்குகிறது. இவர் எண்பது கிலோவானால் நான் படகுதான்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"போன மாசம் நிலையத்துப் படகுல உன்னை ஏத்தினேன்ல. நீ ஏறுனதும் படகு தண்ணிக்குள்ள எவ்வளவு இறங்குச்சுன்னு பார்த்தேன். பழக்கம்." அசடு வழிந்தார். "எழுபத்தி ரெண்டுலேருந்து எழுபத்தாறுக்குள்ள வந்துச்சு. நடுவுல எழுபத்தி நாலுன்னு வச்சுக்கிட்டேன். ஆனா நீ அம்பத்தெட்டுன்னு எழுதிக் கொடுத்திருக்க. அதை நான் எப்படி மாத்துறது? மிச்சம் பதினாறை என் பேருல போட்டுக்கிட்டேன். படகு கவிழக் கூடாதில்ல."

"அதுக்குத்தான் செய்தித்தாளைப் போட்டு மூடினீங்களா?"

"நீ பார்த்தா சங்கடப்படுவேன்னு."

எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை. "மாத்துங்க," என்றேன். சாக்பீஸ் படகுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரும் எதிரில் குந்தினார். என் ஆறு வருடப் பொய்யை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து 74 என்று எழுதினார். மேல் வரியைத் தேய்த்து 64 என்று எழுதினார். பேப்பர் தூளை ஊதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

அடியில் 'ரெண்டு பேரும்: 138' என்று இருந்தது. அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை.