மூன்று நிதிக்குள்ளும் அதே ஆறு வங்கி

காலை ஒன்பது மணிக்குள் கூட்டுறவுக் கடையின் காபி மேசை நிரம்பிவிடும். சஸ்காட்சுவான் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், வெளியே பனி முழங்கால் அளவு கிடக்கும்போது, ஓய்வு பெற்ற ஆண்களுக்கு வேறு போக்கிடம் ஏது? பகடை உருட்டித் தோற்றவர் எல்லாருக்கும் காபி வாங்கித் தர வேண்டும். பேச்சு குளிரில் தொடங்கி, கோதுமை விலை, யாருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை என்று சுற்றி, கடைசியில் லோர்ன் போபிக் என்பவரிடம் வந்து நிற்கும்.

"இந்த மாசமும் வந்துடுச்சு. நான் சோபால படுத்து ஹாக்கி பாத்துட்டு இருந்தேன். பணம் தானா வந்து கணக்குல உக்காந்துச்சு" என்றார் லோர்ன்.

"தூங்கறவனுக்குச் சம்பளம் குடுக்கற வேலை இது ஒண்ணுதான்யா" என்றார் வால்ட். வால்ட் டிராக்டர் விற்றுப் பணம் பார்த்தவர். கேலி செய்வாரே தவிர, லோர்ன் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொள்வார்.

தானியக் கிடங்கின் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் லோர்ன். சம்பாதித்த காலத்தில் மிச்சம் பிடித்து, பல கம்பெனிப் பங்குகளை ஒன்றாகக் கட்டிப் பங்குச் சந்தையில் விற்கும் இ.டி.எஃப். நிதிகளை வாங்கினார். ஒன்று வங்கிப் பங்குகளை மட்டும் வைத்திருக்கும் நிதி. இன்னொன்று ஈவுத்தொகை தரும் கம்பெனிகளுக்கான நிதி. மூன்றாவதும் வங்கி நிதிதான். ஆனால் மாதாமாதம் தாராளமாகப் பணம் தரும். "பணத்தை ஒரே இடத்துல வைக்கக் கூடாது. நான் மூணு இடத்துல வச்சிருக்கேன்" என்பார். எந்தச் சரிவிலும் பதறி விற்றதில்லை என்பது உண்மை. அந்தப் பொறுமைக்காக அவரை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஊரில் ஒருவர் கொஞ்சம் லாபம் பார்த்துவிட்டால் போதும், அவரைப் பொருளாதார மேதையாக்கி மாலை போட்டுவிடுகிறோம். மாலை விழுந்த கழுத்து நிமிர்ந்துதானே நிற்கும்?

அந்தக் குளிர்காலத்தில் லோர்னின் மேதைமையை முழுதாக நம்பியவர் வெர்னா. லோர்னின் மனைவி கேரலுக்குத் தங்கை. திருமணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருடம் தனியாளாகத் தேனீ வளர்த்தவர். முழங்கால் தேய்ந்துபோனதால், வீடு, நிலம், தேன்பெட்டிகள் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். சாஸ்கடூனில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில், லிஃப்ட் வைத்த வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். மீதியைச் சாவி வாங்கும்போது கட்ட வேண்டும். அதுவரை அவர் ஊரில் வாடகைக்கு இருந்தார், அந்தப் பணம் வங்கியில் சும்மா கிடந்தது.

சும்மா கிடக்கும் பணத்தைக் கண்டால் லோர்னுக்குக் கை அரிக்கும். "அந்த மாசாமாசம் குடுக்கற நிதில மொத்தத்தையும் போடு வெர்னா. உன் வாடகை அதுலயே வந்துடும். அசல் அப்படியே இருக்கும்" என்று கிறிஸ்துமஸ் விருந்திலேயே சொல்லிவிட்டார். வெர்னாவும் தலையாட்டிவிட்டார். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை இருவருமாகப் போய் வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை மாலை கர்லிங் ஆட்டம். ஐஸ் மேல் கல்லைத் தள்ளும் அந்த ஆட்டத்தில் வெர்னாவால் இப்போது குனிந்து கல் விட முடியாது. நீளக் கோலால் நின்றபடியே தள்ளுவார். அப்படித் தள்ளியே அன்று லோர்னின் அணியை மண்ணைக் கவ்வ வைத்தார். ஜெயித்தவர் தோற்றவருக்குப் பானம் வாங்கித் தர வேண்டும், தோற்றவர் கூட உட்கார்ந்து குடித்து முடிக்க வேண்டும் என்பது கர்லிங் மரியாதை. பாதியில் எழுந்து போவது தோற்றதைவிடக் கேவலம்.

வெர்னா பீரை வாங்கி வந்து வைத்தார். கேரலும் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தோத்தவன் வாயை மூடிக்கிட்டுக் குடிக்கணும். நீ பேசிக்கிட்டே குடி" என்றார் வெர்னா. "நாளைக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த நிதிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு விளங்கற மாதிரி ஒரு தடவை சொல்லிடு. பெட்டிக்குள்ள பாக்காம மூடி போட்டு எனக்குப் பழக்கமில்ல."

லோர்னுக்கு உற்சாகம் பிறந்தது. மேசையில் இருந்த உப்பு, கெட்சப், கடுகுக் குப்பிகளை இழுத்து வரிசையாக வைத்தார்.

"இந்த உப்பு பாங்க் நிதி. நாட்டோட ஆறு பெரிய பாங்க்கும் இதுக்குள்ள இருக்கு. சிவப்பு போர்டு, பச்சை போர்டு, நீல போர்டு, எல்லாம். இந்தக் கெட்சப் டிவிடெண்ட் நிதி. பைப்லைன், டெலிபோன், கரண்ட் கம்பெனி..."

"பாங்க்?"

"பாங்க் இல்லாமலா? அதுதானே பெரிய பங்கு. சிவப்பு, பச்சை, நீலம்... அப்புறம் இந்தக் கடுகு, நீ வாங்கப் போறது. இதுல வந்து சிவப்பு, பச்சை..."

லோர்னின் குரல் இறங்கிவிட்டது. கெட்சப்பைப் பார்த்தார். உப்பைப் பார்த்தார்.

"நீலம்" என்று எடுத்துக் கொடுத்தார் வெர்னா.

கேரல் சிரித்தேவிட்டார். "மூணு இடத்துல வச்சிருக்கேன், மூணு இடத்துல வச்சிருக்கேன்னு பத்து வருஷமா என் காதைத் தின்னியே லோர்ன். ஒரே ஆளுக்கு மூணு சட்டை போட்டுவிட்டுட்டு மூணு பேருன்னு எண்ணியிருக்க."

லோர்ன் ஒரு மடக்குக் குடித்தார். எழுந்து போகலாம் என்றால் குவளை இன்னும் நிறைய இருந்தது.

"சரி, அது உன் சட்டை" என்றார் வெர்னா. "உள்ள இருக்கறது ஒண்ணுன்னா, இந்தக் கடுகு மட்டும் எப்படி அதிகமாக் குடுக்குது?"

"பங்கு ஒரு விலைக்கு மேல ஏறினாலும் அந்த விலைக்கே தர்றோம்னு மத்தவங்களுக்கு வாக்கு குடுத்து, அதுக்குக் காசு வாங்கறாங்க. அதையும் சேத்துத்தான் நமக்குத் தர்றாங்க."

"ஏறினா லாபம் அவங்களுக்கு. இறங்கினா?"

"இறங்கினா நமக்கு" என்றார் லோர்ன். பொய் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. அதனால் அடுத்ததையும் சொன்னார். "சில சமயம் நாம போட்ட அசல்லேயே கொஞ்சம் எடுத்து, வர்ற பணத்தோட சேத்துத் திருப்பித் தர்றதும் உண்டு."

"அசல் அப்படியே இருக்கும்னியே. தேன் எடுத்துக் குடுக்கறது வேற. பெட்டிப் பலகையைக் கழட்டிக் குடுத்து அதையும் தேன்னு சொல்றது வேற."

கிறிஸ்துமஸிலிருந்து ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியை லோர்ன் இப்போது கேட்டார். "வீட்டுக்கு மீதிப் பணம் எப்பக் கட்டணும்?"

"அக்டோபர்ல. கட்டலைன்னா வீடும் போச்சு, முன்பணமும் போச்சு."

ஒரு வசந்த காலத்தில் சில வாரங்களுக்குள் வங்கிப் பங்குகளின் விலை மூன்றில் ஒரு பகுதி இறங்கியது லோர்னுக்கு நினைவிருந்தது. அப்போது கலங்காமல் இருந்ததைத்தான் காபி மேசையில் வீரக்கதையாகச் சொல்லிவந்தார். கலங்க என்ன இருந்தது? மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்தது. வீடு சொந்தம். இறங்கிய பங்கை வருடக்கணக்கில் தொடாமல் விட அவருக்கு வசதி இருந்தது. வெர்னாவுக்கு அக்டோபர்தான் இருந்தது. தன் தைரியத்தை இன்னொருத்தி வீட்டுப் பணத்துக்கும் சேர்த்து மாட்டிவிடப் பார்த்தோமே என்று அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு நான் வர்றேன்" என்றார். "ஆனா இதை வாங்க இல்ல. செப்டம்பர்ல முடியற மாதிரி வைப்புத் தொகையாப் போட்டுடலாம். வட்டி கம்மிதான். ஆனா போட்டது குறையாது."

"நிதி மோசம்கறியா?"

"வாங்கறவங்க தெரிஞ்சு வாங்கினா மோசமில்ல. என்னோட பாங்க் நிதியையும் டிவிடெண்ட் நிதியையும் நான் விக்கப் போறதில்ல. அதுக்குக் காத்திருக்க என்கிட்ட காலம் இருக்கு. இந்தப் பணத்துக்குக் காலம் இல்ல, அவ்வளவுதான்."

அடுத்து வந்த வசந்தத்தில் லோர்ன் தன் கடுகுக் குப்பி நிதியை விற்று, உலகம் முழுக்கப் பல தொழில்களில் பணம் போடும் நிதி ஒன்றை வாங்கினார். அதைக் காபி மேசையில் சொல்லவில்லை. தன் தவறைச் சொல்வதற்கு, லாபத்தைச் சொல்வதைவிட அதிக நாள் பிடிக்கிறது.

அக்டோபரில் வெர்னா சாவி வாங்கினார். புது வீட்டில் பெரோகிக் கொழுக்கட்டையும் முட்டைக்கோஸ் சுருளும் மணக்க, ஊரிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். இதற்குள் சந்தை கீழே போகவில்லை. வங்கிப் பங்குகள் ஜம்மென்று ஏறியிருந்தன.

தட்டும் கையுமாக நின்ற வால்ட் சும்மா இருப்பாரா? "லோர்ன் முதல்ல சொன்னதையே கேட்டிருந்தா, இந்தச் சமையலறைக்குப் புது அலமாரியே வந்திருக்கும் வெர்னா. மனுஷன் பயந்து உன்னையும் கெடுத்துட்டான்."

நாலு பேர் சிரித்தார்கள். லோர்னும் சிரிக்க முயன்றார்.

"ஏறினதுல எனக்கும் சந்தோஷம்தான்" என்றார் வெர்னா நிதானமாக. "ஆனா ஏறிடுச்சுங்கறதுக்காக அந்த யோசனை நல்ல யோசனை ஆயிடாது. இறங்கியிருந்தா, அடுத்த வருஷம் வான்னு சந்தை சொல்லியிருக்கும். வீடு கட்டினவன் சொல்லியிருப்பானா? நான் இப்ப யார் வீட்டுக் கீழறைல படுத்திருப்பேன்? அலமாரி இல்லாமலும் இது என் வீடு வால்ட்."

கொஞ்ச நேரம் கழித்து வால்ட், லோர்னை ஜன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

"அந்த மாசாமாசம் குடுக்கற நிதி இருக்குல்ல. நீ காபி மேசைல சொன்னதைக் கேட்டு, நானும் ஜனவரில போட்டேன்."

"அந்தப் பணம் உனக்கு எப்ப வேணும்?"

"வர்ற ஜூன்ல. கேரேஜ் கூரையை மாத்தணும். மாசாமாசம் வருதே, அசல் எங்க போயிடப் போகுதுன்னு விட்டுட்டேன்."

லோர்ன் அவர் தோளில் கை வைத்தார். இந்தமுறை குரலைத் தாழ்த்தவில்லை. அறையில் இருந்த எல்லார் காதிலும் விழட்டும் என்றே சொன்னார்.

"திங்கக்கிழமை காலைல என்னோட வா, எடுத்துடலாம். தப்பு என்னோடது வால்ட். எவ்வளவு வருதுன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன், உங்களுக்கு எப்ப வேணும்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கல. அடுத்தவன் லாபத்தைப் பாத்து யாரும் பணம் போடாதீங்க. அவனோட கஷ்டகாலத்துக்கு அவன்கிட்ட ஓய்வூதியம் இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்குன்னு பாத்துட்டு அப்புறம் போடுங்க."