தப்பான இடத்தில் ஒரு பிளாஸ்திரி

கழிவறைக் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டிக்கொண்டிருக்க, உள்ளே கொக்கு பல்லால் பிளாஸ்திரியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

நர்சிங் பயிற்சியில் கடைசி வருடம். நெட்டையாக இருப்பதால் கொக்கு. ஊருக்கெல்லாம் ஊசி போடுவாள், தனக்கென்றால் வியர்த்துவிடும். ஆனால் கெஞ்சிக் கேட்டு வாங்கிய குறைமாதக் குழந்தைகள் வார்டில் இன்றுதான் முதல் நாள். ஃப்ளூ ஊசி போடாதவர்கள் அங்கே காலெடுத்து வைக்க முடியாது. மாட்டினால் வார்டு கைநழுவிப் போகும்.

பஞ்சை வைத்து அவசரமாக ஒட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

எதிரே அலாரம். ஹாஸ்டலில் இவளுடைய அறைத்தோழி. காலையும் இரவும் அவள் போன் தவறாமல் அலறும். உடனே ஒரு விட்டமின் மாத்திரையை விழுங்குவாள். அதனால் அந்தப் பெயர். ஊசி போடும் மேஜை இந்த வாரம் அவள் பொறுப்பு.

"போட்டுக்கிட்டியா?"

"நேத்தே கீழ போட்டாச்சு." கொக்கு கையை நீட்டினாள்.

அலாரம் சிரிப்பை அடக்கினாள். "ஏண்டி, ஊசி போட்டாங்களா, ரத்தம் எடுத்தாங்களா? முழங்கை மடிப்புல ஒட்டியிருக்க. தோள்லதானே போடுவோம்?"

கொக்குக்கு முகம் வெளுத்தது. பின்னாலேயே ஹெட் சிஸ்டரின் குரல்.

"இங்க என்ன கூட்டம்?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். அடுத்து இவளுக்குத்தான்," என்று அலாரம் முந்திக்கொண்டு, தோழியை மேஜைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஜன்னலைப் பாரு. நீ இன்னைக்குத் தூக்கப்போற குழந்தை உன் உள்ளங்கையில அடங்கும். அதுவே தினம் ஊசி வாங்குது."

"சரி, சரி, போடு. மெதுவா."

"போட்டாச்சு."

"எப்போ?"

"நீ 'மெதுவா'ன்னப்போ."

கொக்கு மூச்சு விட்டாள். "காட்டிக்கொடுக்காம விட்டியே. தேங்க்ஸ்டி."

"நான்தான் உனக்குச் சொல்லணும்."

"எதுக்கு?"

போன் அலறியது. அலாரம் விட்டமின் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினாள். கொக்கு அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. போன மாதம் சிறுநீரக வார்டில் நோயாளிகளுக்கு இதே மாத்திரையைத் தானே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"இது விட்டமின் இல்லையேடி."

"இல்ல." விழுங்கினாள். "நானும் ஊசி போட்டுக்கிட்டேன். ஆனா இது எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை. சாப்பிடுறவளுக்கு ஊசி அரைகுறையாத்தான் வேலை செய்யும். மீதியை எனக்காகப் பக்கத்துக் கட்டில்ல படுக்கிறவதான் போட்டுக்கணும்."

கொக்குவின் கையை எடுத்துத் தன் அடிவயிற்றின் வலப்பக்கம் வைத்தாள். சீருடைக்கு அடியில் நீளமாக ஒரு தழும்பு தட்டுப்பட்டது.

"எங்க அக்காவோட கிட்னி," என்றாள்.