ஒரு செம்புத் தண்ணீர்

அந்தப் படங்களுக்கெல்லாம் கதை ஒன்றுதான். ஒருவனுடைய அண்ணனை யாரோ கொன்றுவிடுவார்கள். தம்பி அமெரிக்காவிலிருந்து வருவான். போலீசுக்குத் தெரியாமல் ஊருக்கு அடியில் ஒரு குழி இருக்கும். பணக்காரர்கள் பந்தயம் கட்ட, ஆட்கள் அதற்குள் இறங்கி அடித்துக்கொள்வார்கள். தம்பியும் இறங்குவான், வரிசையாக எல்லாரையும் சாய்ப்பான், கடைசியில் அண்ணனைக் கொன்றவனை அடித்துப் பழி தீர்ப்பான். எங்கள் தலைநகரம் சோபியாவுக்கு வெளியே மூடிக் கிடந்த கிரேன் தொழிற்சாலையில் இந்தக் கதையை எத்தனை தடவை எடுத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. அந்தத் தொழிற்சாலை ஒரு படத்தில் நியூயார்க், இன்னொன்றில் பாங்காக், வேறொன்றில் மாஸ்கோ. எங்கள் ஊராக மட்டும் அது ஒருநாளும் நடித்ததில்லை.

நான் டிங்கா, ஒப்பனைக்காரி. பவுடர் பூசி முகத்தை அழகாக்குகிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். என் வேலை ரத்தம். சர்க்கரைப் பாகு, சிவப்புச் சாயம், நிறம் கருக்கக் கொஞ்சம் கோகோ தூள். சின்னப் பையில் கட்டி வாயில் ஒதுக்கிக்கொண்டால், அடி விழும்போது கடித்து உடைக்கலாம். தித்திப்பாக இருக்கும். அடி வாங்குகிறவர்களுக்கு அன்றைக்குக் கிடைக்கும் ஒரே இனிப்பு அதுதான் என்று கேலி பேசுவோம்.

லாசர் பெர்னிக் என்கிற ஊர்க்காரன். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். இவன் மல்யுத்தத்தில் பதக்கம் வாங்கியவன். பழைய அரசாங்கம் போனதும் மல்யுத்தக் கழகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். உடம்பைத் தவிர வேறு சொத்தில்லாமல் எங்கள் குழிக்கு வந்து சேர்ந்தான். முதல் அடியில் விழுகிறவனாக ஆரம்பித்து, பல வருஷங்களில் மூன்றாவது அடியில் விழுகிறவனாகப் பதவி உயர்வு பெற்றிருந்தான். படத்தில் அவனுக்குப் பெயரும் கிடையாது, வசனமும் கிடையாது.

அந்த ஜனவரியில்தான் முதல்முறையாக இரண்டும் கிடைத்தன. அண்ணனைக் கொன்ற வில்லன் அவன்தான். பெயர் ராஜநாகம். கடைசிச் சண்டை நன்றாக வந்துவிட்டால் அடுத்து வரும் படங்களுக்கெல்லாம் அவனே வில்லன் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அவன் பெண்டாட்டி நெவேனா ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விட்டுவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

கடைசிச் சண்டைக்கான காலையில் அவன் சட்டையைக் கழற்றிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தான். முதுகு முழுக்கப் பாம்பு வரைய வேண்டும். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். சாயத்தை அடுப்பில் காட்டிக் காட்டித்தான் பூச முடிந்தது.

"அக்கா, பாம்புக்குக் கண்ண பெருசா வரை. நேத்து நெவேனா பாத்துட்டு மண்புழு மாதிரி இருக்குங்கறா."

"உன் பொண்டாட்டிக்கு வாய் கொழுப்பு. ஆடாம உக்காரு."

"வசனத்தச் சொல்லிக் காட்டவா?"

"காது புளிச்சுப் போச்சுடா. வேணாம்."

இருந்தாலும் சொன்னான். 'உன் அண்ணனும் இப்படித்தான் அழுதான்.' அவ்வளவுதான் வசனம். அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகக் குளியலறையிலும் ரயிலிலும் சொல்லிக்கொண்டே இருந்ததால், பெர்னிக் ரயிலில் வருகிறவர்கள் இவனைக் கண்டாலே வேறு பெட்டிக்கு மாறிவிடுகிறார்களாம்.

ஸ்டண்ட் மாஸ்டர் வந்தார், பெயர் க்ரோஸ்தான். அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார். "பெர்னிக்காரன் தலைய எனக்குத் தெரியும்டா. இது விழுந்தா தரைக்குத்தான் அடிபடும்." எல்லாரும் சிரித்தோம். எங்கள் ஊரில் பெர்னிக்காரர்களைப் பற்றி எல்லாரும் சொல்லும் நக்கல்தான் அது.

மதியச் சாப்பாட்டுக்கு விட்ட நேரத்தில் நெவேனா வந்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து ரயில் பிடித்து வந்திருக்கிறாள். கண் சிவந்து கிடந்தது. சால்வைக்குள் ஒரு செம்பு. அதில் சிவப்பு நூலால் கட்டிய பச்சை இலைக்கொத்து.

"நான் வர்றதுக்குள்ள கிளம்பிட்டான்கா," என்று என்னிடம்தான் முறையிட்டாள். "இவ்வளவு முக்கியமான நாளு. தண்ணி ஊத்தாம வாசலத் தாண்டிட்டான். எனக்கு மனசே ஆறல."

நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவன் முன்னால் வாசலில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, அதைத் தாண்டிப் போகச் சொல்வோம். போகிற வழி தண்ணீர் ஓடுகிற மாதிரி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான். பரீட்சைக்கும் ஊற்றுவோம், பட்டாளத்துக்கும் ஊற்றுவோம், கல்யாணத்துக்கும் ஊற்றுவோம். சாமி இல்லை என்று பழைய அரசாங்கத்துக் கட்சி சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் கட்சிக்காரர் வீட்டிலும் ஊற்றினார்கள்.

"அதுக்கு ஏம்மா அழற?" என்றார் க்ரோஸ்தான். "குழிக்குள்ள வர்றதுக்கு அந்த இரும்பு கேட்டு இருக்குல்ல, இன்னிக்கு அவனுக்கு அதுதான் வாசல். அங்க ஊத்து. படத்துக்கே நல்லது."

அவள் ஊற்றினாள். சிமெண்டுத் தரையில் தண்ணீர் பளபளவென்று ஓடி, குழியின் விளிம்பு வரை போய் நின்றது. லாசர் மன்னன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, வலது காலை வைத்துத் தாண்டினான். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். கேமராக்காரர் விசிலே அடித்தார். பிறகு பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் வந்தன. ஆறிவிடுமுன் குடிக்க வேண்டுமே என்று அடுப்பைச் சுற்றிக் கூடிவிட்டோம்.

சூப் ஆறியது. தண்ணீர் உறைந்தது. அந்தக் குளிரில் வேறென்ன நடக்கும்? ஆனால் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அந்தத் தண்ணீரை யாரும் தண்ணீராக நினைக்கவில்லை, அதுதான் விஷயம். வேறு யாராவது அங்கே ஒரு டம்ளர் டீயைக் கொட்டியிருந்தால் க்ரோஸ்தான் ஊரைக் கூட்டி, மரத்தூளைப் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருப்பார்.

மறுபடி விளக்குகளைப் போட்டபோது டைரக்டருக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் அமெரிக்கர், பெயர் கர்ட். வயிறு நிறைந்தால் அவருக்கு யோசனை வரும்.

"வில்லன் நடந்து வர்றது நல்லால்ல," என்றார். "கறிகாய் வாங்கப் போற மாதிரி இருக்கு. ஓடி வரட்டும். கேட்டுலேர்ந்து ஓடி வந்து, அப்படியே குழிக்குள்ள தாவட்டும்."

"ஒத்திகை பாக்கலையே சார்," என்றார் க்ரோஸ்தான்.

"புகை போட்டாச்சு. வீணாப் போயிடும். லாசர், முடியும்ல?"

முடியாது என்று சொல்லத் தெரிந்தவனாக இருந்திருந்தால் அவன் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டான். வாயில் என் ரத்தப் பையை ஒதுக்கிக்கொண்டு தலையாட்டினான்.

குழியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. ரொட்டிக்கும் சூப்புக்கும் வந்த ஆட்கள். எது நடந்தாலும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு உத்தரவு. ஆள் குறைந்ததால் நெவேனாவையும் முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். கேமரா ஓடியது. புகைக்குள்ளிருந்து லாசர் ஓடி வந்தான். கேட்டைத் தாண்டிய முதல் அடியிலேயே குதிகால் வழுக்கியது. உடம்பு பின்னால் மல்லாந்தது. கேட்டை ஒட்டி அடுக்கியிருந்த இரும்புப் பீப்பாயின் விளிம்பில் பிடரி மோதியது. வாயிலிருந்த பை உடைந்து தாடையெல்லாம் சிவப்பு வழிந்தது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. "கொல்லு! எந்திரிடா! கொல்லு!" நெவேனாவும் கத்தினாள், கைதட்டினாள். அவன் எத்தனை படத்தில் செத்திருக்கிறான், அவளுக்குப் பழக்கம்தானே. நான் மட்டும் கைதட்டவில்லை. என் ரத்தம் எனக்குத் தெரியும். அங்கே கிடந்தது முழுக்க என்னுடையதுதான், அவனுடையது ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் அவன் ஒரு கை அவனுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது, அதை அவன் எடுக்கவே இல்லை.

"கட்" என்று முதலில் கத்தியது நான்தான். அதற்குப் பிறகுதான் நெவேனா ஓடினாள். கேட்டருகே அவளுக்கும் கால் வழுக்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து தரையைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி பனிக்கட்டி, அதற்குள் செம்பிலிருந்து விழுந்த ஓர் இலை. அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை வரைய எந்த ஒப்பனைக்காரியாலும் முடியாது. பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

படம் நிற்கவில்லை. அந்த வாரமே ஒரு டூப்பைக் கொண்டுவந்தார்கள். அவன் முதுகிலும் நான்தான் பாம்பு வரைந்தேன். கண்ணைப் பெரிதாக வரைய எனக்கு மனம் வரவில்லை. லாசரின் வசனத்தைப் பின்னால் வேறு யாரோ பேசினார்கள். அவன் விழுந்த ஷாட்டைக்கூட வெட்டவில்லை. மிகவும் இயல்பாக இருக்கிறதாம்.

பிறகு இன்சூரன்ஸ்காரர் வந்தார். கேட்டருகே ஈரம் எப்படி வந்தது என்று கேட்டார். கட்டடத்தின் குறை என்றால் நஷ்ட ஈடு உண்டு. ஆட்கள் தாங்களே செய்துகொண்டது என்றால் ஒன்றும் கிடையாது. க்ரோஸ்தான் அண்ணாந்து பார்த்து, "கூரை ஒழுகுது சார்," என்றார். கேமராக்காரரும் கூரை என்றார். சூப் ஊற்றியவர்கூடக் கூரை என்றார். என் முறை வந்தபோது நானும் கூரை என்றேன். பொய்தான். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எங்களை ஓட்டைக் கட்டடத்துக்குள் விட்டு, ஒத்திகை இல்லாமல் ஓடச் சொன்னவர்களுக்கு உண்மை எதற்கு?

நெவேனாவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அதிகம் பேசவே இல்லை. லாசரிடமும் எல்லாரும் கூரை என்றே சொல்லியிருந்தோம். தான் ஊற்றிய தண்ணீர்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற ஒன்றைத்தான் அவள் உயிரைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஊட்டுவாள், துடைப்பாள், திருப்பிப் போடுவாள். அவன் கண்ணை மட்டும் பார்க்க மாட்டாள்.

அவனுக்குக் கழுத்தைச் சுற்றி இரும்புச் சட்டம் மாட்டியிருந்தார்கள். தோளுக்குக் கீழே அசைவே இல்லை. கால் இனி வராது, இன்னொரு ஆபரேஷன் செய்தால் கை வரலாம், வராமலும் போகலாம், உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். செய்யுங்கள் என்றான் லாசர். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் போனபோது நெவேனா வெளியே துணி காயப்போடப் போயிருந்தாள்.

"வசனம் வீணாப் போச்சேக்கா," என்றான். பிறகு, "அன்னிக்கு என்னா குளிரு, இல்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்தக் குளிர்ல கூரையில இருந்த பனி எப்படி உருகி ஒழுகுச்சு?"

நான் தலையணையைச் சரி செய்தேன். "லைட்டு போட்டிருந்தாங்கல்ல. அந்தச் சூட்டுல உருகியிருக்கும்."

"லைட்டெல்லாம் குழிக்கு மேலல்ல இருந்துச்சு. கேட்டுக்கு மேல ஒண்ணுமில்லையே."

அவன் மேலே பார்த்தபடியே இருந்தான். அந்தச் சட்டத்துக்குள் வேறு எங்கே பார்க்க முடியும்?

"கூரைதான்டா," என்றேன்.

"சரிக்கா. கூரைதான்," என்றான் மெதுவாக. "அவகிட்டயும் சொல்லு. லாசரும் கூரைன்னுதான் நினைக்கறான்னு சொல்லு."

நெவேனாவிடம் சொன்னேன். அவள் பிழிந்து வைத்திருந்த துணியையே எடுத்து மறுபடியும் பிழிந்தாள். அவள் நம்பினாளா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி அறை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். நெவேனா இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். செம்பும் இல்லை, இலையும் இல்லை.

"நிறுத்துங்க," என்றான் லாசர். "நெவேனா, தண்ணி எங்க?"

அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டாள்.

"இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போறேன். ஊத்தாமயா அனுப்புவ?"

"என்னால முடியாது."

"ஊத்துடீ."

"முடியாது லாசர். என்ன விட்டுடு."

"நானா நடந்து தாண்டப் போறேன்? சக்கரம்டீ. வழுக்காது, ஊத்து."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்கு அப்போது புரிந்துவிட்டது, அவனுக்குத் தெரியும் என்று. எத்தனை நாளாகத் தெரியுமோ. அவள் முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து வந்து வாசலில் ஊற்றினாள். ஸ்ட்ரெச்சர் அதன்மேல் ஏறிப் போனது. சக்கரங்களின் ஈரம் இரண்டு கோடாகத் தரையில் நீண்டது.

பிறகு அவனுக்கு ஒரு கை வந்தது. ஒன்றே ஒன்று. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரெச்சர் திரும்பியதும் நெவேனா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மண்டியிட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். நர்ஸ் துடைப்பானை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "விடும்மா, நான் தொடைக்கறேன்," என்றாள். அவள் விடவில்லை. அந்த இரண்டு ஈரக் கோடுகளையும் துடைத்துக்கொண்டே, ஆபரேஷன் அறையின் கதவு வரை முழங்காலிலேயே போனாள்.